மிச்சமிருக்கும் கட்டிக்கு எதற்குக் கரண்ட்?

"அதான் தலையைத் தொறந்து எடுத்தாச்சே தம்பி, இன்னும் எதுக்குக் கரண்ட் வைக்கணுங்கறாங்க?"

அசோக் நகரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் தையல் மிஷின் போட்டு ப்ளவுஸ் தைத்துக்கொடுக்கும் அக்கா கேட்ட கேள்வி இது. வயது 52. ஒரு வருஷமாக இடது கண் மங்கல். புரை என்று நினைத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் ஒரு கட்டி. பெயர் மெனிஞ்சியோமா. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பார்வையும் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சப்டோட்டல்' என்று ஒரு வார்த்தை. அதாவது முழுதாக எடுக்கவில்லை, கொஞ்சம் விட்டிருக்கிறோம் என்று பொருள். அடுத்த வாரம் ரேடியேஷன் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அக்காவுக்கு மூன்று சந்தேகம். கவனக்குறைவாக விட்டுவிட்டார்களோ என்பது ஒன்று. கரண்ட் வைக்கச் சொன்னால் அது கேன்சர்தானே, நம்மிடம் மறைக்கிறார்களோ என்பது இரண்டாவது. மூன்றாவதை நாலைந்து தடவை சுற்றி வளைத்துத்தான் கேட்டார்: "இது கீழ்ப்பாக்கத்துல வைப்பாங்களே, அந்தக் கரண்டா?"

நான் மருத்துவன் இல்லை. படித்துக் குறிப்பு எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அவருக்குச் சொல்வதற்காகச் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

முதலில் அந்த மூன்றாவது சந்தேகம். நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் 'கரண்ட் வைக்கிறது' என்று பெயர் விழுந்துவிட்டது. மனநோய்க்குக் கொடுக்கும் ஷாக் ட்ரீட்மென்ட்டுக்கும் அதே பெயர்தான். இரண்டும் வேறு வேறு. ரேடியேஷன் மிஷின் கரண்டில் ஓடுகிறது என்பது உண்மை. உள்ளே எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டி ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகிறார்கள். அந்த மோதலில் பிறப்பது எக்ஸ்-ரே. நெஞ்சுக்கு எடுக்கிறோமே, அதே எக்ஸ்-ரேதான். சக்தி மட்டும் பல பத்து மடங்கு அதிகம். நோயாளியின் உடம்புக்குள் போவது இந்தக் கதிர் மட்டுமே. மின்சாரம் ஒரு துளிகூடப் போவதில்லை. படுத்திருப்பவருக்கு வலியோ சூடோ தெரியாது.

சூடு என்றதும் நினைவுக்கு வருகிறது. கரண்ட் வைத்தால் உடம்பு சூடேறும் என்று இளநீரும் மோரும் கொடுக்காத வீடே இல்லை. கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர்வீச்சின் அளவைக் 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. மெனிஞ்சியோமாவுக்கு மொத்தமாகக் கொடுப்பது 54 கிரே வாக்கில். அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கினால்கூட அந்த இடத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் எழுபதில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு வாய் காபி இதைவிட அதிகம் சூடு. ஆனால் அதே 54 கிரேயை உடம்பு முழுக்கக் கொடுத்தால் ஆள் பிழைக்க மாட்டார். நாலைந்து கிரே உடம்பு முழுக்கப் பட்டாலே உயிருக்கு ஆபத்து. ஆக, சேதம் சூட்டால் வருவதில்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையைக் கதிர் அறுத்துவிடுகிறது. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் செல்லுக்கு அதை ஒட்டவைப்பது கஷ்டம். அறுந்த டி.என்.ஏ.வோடு அந்தச் செல் அடுத்த முறை இரண்டாகப் பிரியப் பார்க்கும்போது செத்துப்போகும்.

'பிரியப் பார்க்கும்போது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இனி முதல் சந்தேகம்: ஏன் மிச்சம் வைக்கிறார்கள்?

வயிற்றில் கட்டி என்றால் சுற்றிலும் ரெண்டு விரல்கடை நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுக்கலாம். மூளையில் அந்தச் சலுகை கிடையாது. ரெண்டு விரல்கடை என்பது அங்கே ஒரு கையின் அசைவாக இருக்கும், பேச்சாக இருக்கும், பார்வையாக இருக்கும். மெனிஞ்சியோமா மூளையின் உறையிலிருந்து முளைத்து மூளையை வெளியிலிருந்து அழுத்துகிற கட்டி. பலாச்சுளைக்குள் கொட்டை உட்கார்ந்திருப்பதுபோலப் பெரும்பாலும் தனியாகத் தெரியும். மண்டையின் மேல்பக்கம் இருந்தால் உறையோடு முழுசாக எடுத்துவிடலாம். அடிப்பக்கத்தில் கண் நரம்பு, கண்ணை அசைக்கும் நரம்புகள், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி எல்லாம் ஒரு நெல்லிக்காய் அளவு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. கட்டி அவற்றைச் சுற்றிக்கொண்டால் நல்ல சர்ஜன் அங்கே கத்தியை நிறுத்திவிடுவார். முழுக்க எடுத்தேன் என்று பெயர் வாங்குவதைவிட, கண் அசைவையும் பார்வையையும் காப்பாற்றிக்கொடுப்பதுதான் அவருக்கு முக்கியம். ஆகவே 'சப்டோட்டல்' என்ற சொல் பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்த முடிவைத்தான் குறிக்கிறது.

கிளியோமா வகைக் கட்டிகள் கதையே வேறு. அவை மூளையின் திசுவிலிருந்தே பிறக்கின்றன. கோரைப்புல் மாதிரி என்று சொன்னால் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். மேலே தெரியும் புல்லை எவ்வளவு சுத்தமாகப் பிடுங்கினாலும் மண்ணுக்கடியில் கிழங்கும் வேரும் எங்கேயோ ஓடியிருக்கும். எம்.ஆர்.ஐ.யில் தெரிகிற எல்லைக்கு வெளியே சென்டிமீட்டர் கணக்கில் செல்கள் ஊடுருவியிருக்கும். அதனால் கிளியோமாவில் 'முழுக்க எடுத்தாச்சு' என்பதற்கு, ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாச்சு என்பதற்குமேல் அர்த்தம் கிடையாது.

மெட்ராஸில் 1950இல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு ஒரு வருஷம் முன்பு வேலூரில் ஜேக்கப் சாண்டி. நம் நாட்டில் இந்தத் துறை இந்த இரண்டு ஊர்களில்தான் வேர்விட்டது. அன்று சி.டி. ஸ்கேனும் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் இல்லை. ரத்தக்குழாயில் சாயம் ஏற்றி எக்ஸ்-ரே எடுத்து, அந்தக் குழாய்கள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்று பார்த்துக் கட்டி எங்கே என்று ஊகிப்பார்கள். மிச்சம் எவ்வளவு என்பதற்குச் சர்ஜனின் ஞாபகம்தான் சாட்சி. இன்று ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து மிச்சத்தை அளந்துவிடுகிறார்கள். அதற்குமேல் நாள் தள்ளினால் ஆறும் தழும்பும் கட்டி மாதிரியே பளிச்சென்று தெரிந்து குழப்பும்.

மிச்சம் வைத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் ஒழுங்காக எண்ணிப் பார்த்தவர் டொனால்ட் சிம்ப்சன் என்ற அறுவை மருத்துவர். 1957இல் வந்த கட்டுரை. மெனிஞ்சியோமா ஆபரேஷன்களை ஐந்து படிகளாகப் பிரித்தார். உறை, எலும்பு எல்லாம் சேர்த்து முழுக்க எடுத்தால் முதல் படி. கட்டியை எடுத்து உறையைச் சுட்டுவிட்டால் இரண்டு. உறையை அப்படியே விட்டால் மூன்று. கட்டியிலேயே கொஞ்சம் விட்டால் நான்கு. சும்மா அழுத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தால் ஐந்து. முதல் நான்கு படிகளில் கட்டி திரும்ப வந்தது முறையே 9, 19, 29, 44 சதவீதம் பேருக்கு. படிக்கு ஏறக்குறைய பத்துப் பத்தாக ஏறுவதைப் பாருங்கள். எழுபது வருஷம் ஆகப்போகிறது, இன்றும் ஆபரேஷன் குறிப்பில் 'சிம்ப்சன் கிரேடு' என்று எழுதுகிறார்கள். அக்காவின் காகிதத்தில் நான்கு என்று இருந்தது. (இதைக் கட்டியின் கிரேடு என்று நினைத்துப் பயந்துவிடக் கூடாது. அக்கா வீட்டில் இரண்டு நாள் அந்தக் கலவரம்தான் ஓடியது. கட்டியின் குணத்தைச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் கிரேடு, அது பயாப்சி ரிப்போர்ட்டில் தனியாக இருக்கும். அக்காவுக்கு அது ஒன்று. அதாவது கேன்சர் இல்லை. இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் இதுதான்.)

இந்த இடத்தில் ரேடியேஷன் வருகிறது. 1994இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்ட்ஸ்மித் குழுவினர் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மெனிஞ்சியோமாவைப் பாதி எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்த 140 பேர். சாதுவான வகையில் ஐந்து வருஷம் கட்டி வளராமல் இருந்தவர்கள் 89 சதவீதம். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. 1980க்கு முன் சிகிச்சை பெற்றவர்களில் 77, பின் பெற்றவர்களில் 98. நடுவில் மருந்து எதுவும் புதிதாக வரவில்லை. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வந்தன. கட்டி எங்கே முடிகிறது என்று பார்க்க முடிந்தது, கதிர் சரியான இடத்தில் விழுந்தது. அவ்வளவுதான். ரேடியேஷனில் பாதி வெற்றி படம் எடுப்பதில் இருக்கிறது.

நம் அடையாறுக்கும் இதில் பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான் இந்தியாவின் முதல் கோபால்ட்-60 கதிர் சிகிச்சை இயந்திரம் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே வந்து இறங்கியது. கோபால்ட் என்பது கதிரியக்க உலோகம். ஸ்விட்ச் போட்டு நிறுத்த முடியாது, கனமான கவசத்துக்குள் மூடித்தான் வைக்கவேண்டும். ஐந்தே கால் வருஷத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறையும், சிகிச்சை நேரம் அதற்கேற்ப நீளும். இப்போது பெரும்பாலும் லீனியர் ஆக்சிலரேட்டர்தான், ஆஸ்பத்திரி பாஷையில் 'லைனாக்'.

மூன்று நாளில் முடிக்காமல் ஏன் ஆறு வாரம் இழுக்கிறார்கள் என்று எல்லாருமே கேட்கிறார்கள். ஆட்டோ செலவு பண்ணுகிறவர் கேட்காமல் இருப்பாரா? கதிர் நல்ல செல்லையும் அறுக்கிறது, கட்டியின் செல்லையும் அறுக்கிறது. ஆனால் நல்ல செல்லுக்குப் பழுது பார்க்கும் திறமை அதிகம். இன்று கொஞ்சம், அதாவது 1.8 அல்லது 2 கிரே கொடுத்துவிட்டு நாளைவரை நேரம் கொடுத்தால் நல்ல மூளைத்திசு பெரும்பாலான உடைப்புகளை ஒட்டிக்கொண்டுவிடும். கட்டியின் செல் அந்த அளவுக்கு ஒட்டாது. ஒரு நாள் வித்தியாசம் சின்னது. முப்பது நாள் சேர்ந்தால் பெரியது. கடன் மாதிரிதான், ஒரு பக்கம் அசல் அடைகிறது, மறுபக்கம் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. அதனால் வாரம் ஐந்து நாள், சனி ஞாயிறு ஓய்வு, மொத்தம் 28 முதல் 30 தடவை. நடுவில் நாமாக நாலு நாள் நின்றால் கட்டிக்கும் ஓய்வு கிடைத்துவிடும், குறிப்பாக வேகமாக வளரும் வகைகளில். ஊருக்குக் குலதெய்வம் கும்பிடப் போவதை முன்னால் அல்லது பின்னால் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் முடிக்கும் வழியும் உண்டு. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951இலேயே யோசித்து 'ரேடியோசர்ஜரி' என்று பெயர் வைத்தது. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் கூடவைப்பது. காமா நைஃப், சைபர் நைஃப் எல்லாம் இந்த வழிதான். பெயரில் நைஃப் இருந்தாலும் கத்தி கிடையாது. மிச்சம் சின்னதாக, மூன்று சென்டிமீட்டருக்குள், ஓரம் தெளிவாக இருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். கண் நரம்பை ஒட்டிக்கொண்டிருந்தால் தயங்குவார்கள். ஒரே தடவையில் கொடுக்கும்போது கண் நரம்பு 8 கிரே வரைதான் பயமில்லாமல் தாங்கும். மெனிஞ்சியோமாவுக்கோ அதைவிட அதிகம் தேவை. அதே நரம்பு, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் மொத்தம் 54 கிரே வரை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. 55க்குக் கீழே பார்வை போகும் வாய்ப்பு நூற்றில் மூன்றுக்கும் குறைவு. 60ஐத் தாண்டினால் மளமளவென்று ஏறும். அக்காவுக்கு ஒரே நாள் வைத்தியம் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இது. செலவு பார்த்துச் சொன்னதில்லை.

கிளியோமாவுக்கு வருவோம். இங்கே கிரேடுதான் எல்லாம்.

கிரேடு நான்கு, கிளியோபிளாஸ்டோமா. இதில் யோசிக்க நேரம் இல்லை. 1978இல் வாக்கர் குழுவினர் வெளியிட்ட சோதனையில் ஆபரேஷனோடு நிறுத்தியவர்களின் இடைநிலை ஆயுள் 14 வாரம், ரேடியேஷன் சேர்த்தவர்களுக்கு 35 வாரம். இரண்டு மடங்குக்கும் மேல். 2005இல் ஸ்டுப் குழுவினர் 573 பேரிடம் 60 கிரேயோடு டெமோசோலமைட் மாத்திரையையும் சேர்த்துப் பார்த்தார்கள். 12.1 மாதம் 14.6 மாதமாக ஆனது. இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு வருஷம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 ஆக ஏறினார்கள். நோயாளியின் வீட்டில் இந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. இடைநிலை எண் பாதிப்பேர் எங்கே நின்றார்கள் என்பதை மட்டும் காட்டும். தாண்டிப் போனவர்களைக் காட்டாது. வயதானவர்களுக்கு ஆறு வாரத்தை மூன்று வாரமாகச் சுருக்கி 15 தடவை, 40 கிரே என்று கொடுக்கும் முறையும் நடப்பில் இருக்கிறது. தினமும் தூக்கிக்கொண்டு போக ஆளில்லாத வீடுகள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கிரேடு இரண்டில்தான் உண்மையான தர்மசங்கடம். நோயாளிக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்திருப்பார். மற்றபடி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். மிச்சம் இருக்கிறது. இப்போதே கதிர் வைப்பதா, வளரும்போது பார்த்துக்கொள்வதா? ஐரோப்பாவில் இதைச் சோதித்து 2005இல் முடிவு சொன்னார்கள். உடனே வைத்தவர்களுக்குக் கட்டி மறுபடி வளர 5.3 வருஷம் ஆனது, தள்ளிப்போட்டவர்களுக்கு 3.4 வருஷம். ஆனால் மொத்த ஆயுள் 7.4, 7.2 என்று ஏறக்குறைய ஒன்றுதான். உடனே வைத்தவர்களுக்கு வலிப்பு குறைந்திருந்தது. ஆக, தள்ளிப்போட்டால் உயிருக்கு நஷ்டமில்லை, கதிரின் பின்விளைவும் தள்ளிப்போகும் என்று ஒரு கட்சி. பிறகு 2016இல் அமெரிக்கச் சோதனையின் முடிவு வந்தது. 40 வயதுக்குக் கீழே மிச்சம் இருந்தவர்கள், 40ஐத் தாண்டியவர்கள் என 251 பேர். ரேடியேஷன் மட்டும் என்றால் 7.8 வருஷம், அதோடு கீமோவும் சேர்த்தால் 13.3 வருஷம். ஐந்தரை வருஷ வித்தியாசம் என்பது மூளைக்கட்டி ஆராய்ச்சியில் அபூர்வம். 2023இல் இன்னொரு திருப்பம்: ஐ.டி.எச். என்ற மரபணு மாற்றம் உள்ள கிரேடு இரண்டு கட்டியில், ஆபரேஷனுக்குப் பின் மிச்சமிருப்பவர்களுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதத்தில் வளர்ந்த கட்டி, இதை எடுத்தவர்களுக்கு 27.7 மாதம் அடங்கியிருந்தது. ரேடியேஷனுக்கு மாற்று என்று இதைச் சொல்ல முடியாது, அதைத் தள்ளிப்போட ஒரு வழி. அதனால் பயாப்சி ரிப்போர்ட்டில் ஐ.டி.எச். பார்த்தார்களா என்று கேட்காமல் விடாதீர்கள்.

தள்ளிப்போடுவதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், மூளைக்குக் கதிர் கொடுப்பதன் கணக்கு உடனே முடிவதில்லை. சிகிச்சை நடக்கும்போது அசதி, கதிர் நுழையும் வெளியேறும் இடங்களில் முடி உதிர்வது, தலைவலி. இவை பெரும்பாலும் சரியாகிவிடும். வருஷங்கள் கழித்து ஞாபகசக்தி, கவனம், பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள் ஆகியவற்றில் குறை தெரியலாம். குழந்தைகளுக்கு இது பல மடங்கு. வளர்ச்சி நிற்கும், பருவமடைவது தடுமாறும், படிப்பு பின்தங்கும்.

இதைக் குறைக்க முடியுமா என்று உருப்படியாகக் கேட்டுப் பதில் சொன்ன ஒரு பெரிய சோதனை நம் நாட்டில் நடந்தது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராகேஷ் ஜலாலி தலைமையில் 2001இலிருந்து 2012 வரை 200 பேரைச் சேர்த்தார்கள். வயது 3 முதல் 25 வரை. எல்லாருக்கும் சாதுவான அல்லது குறைந்த கிரேடு கட்டி, பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பின் மிச்சமிருந்தது அல்லது மறுபடி வளர்ந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே அளவு, 54 கிரே, 30 தடவை. ஒரு பிரிவுக்குப் பழைய முறை. மற்றதற்குக் கட்டியின் வடிவத்தை இறுக்கிப் பிடித்து, சுற்றுப்பட்ட மூளையில் கதிர் குறைவாகப் படும்படி 'ஸ்டீரியோடாக்டிக்' முறை. ஐந்து வருஷம் பின்தொடர்ந்து அறிவுத்திறன் சோதனை வைத்துக்கொண்டே வந்தார்கள். உயிர்பிழைத்தவர்கள் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் புதிதாக ஹார்மோன் கோளாறு வந்தவர்கள் பழைய முறையில் 51 சதவீதம், புதிய முறையில் 31. அறிவுத்திறனும் புதிய முறையில் நன்றாகக் காப்பாற்றப்பட்டது. 2017இல் வெளியானது. ஐந்து வருஷம் வீடு வீடாகத் தொடர்பு விட்டுப்போகாமல் குழந்தைகளைப் பிடித்துவைத்து அளப்பது நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வெளிநாட்டில் நடந்திருந்தால் நாம் இன்னும் அதிகம் பேசியிருப்போம்.

டாக்டர் ஜலாலி பிறகு சென்னைக்கு, தரமணியில் 2019 ஜனவரியில் திறந்த அப்போலோ புரோட்டான் மையத்துக்கு வந்தார். எக்ஸ்-ரே கட்டியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியை இறக்கிவிட்டு நின்றுவிடும். கட்டிக்கு அந்தப்பக்கம் இருக்கும் மூளை தப்பிக்கும். குழந்தைகளுக்கு, மண்டையின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கு இது அர்த்தமுள்ளது. 70 வயதுக்காரரின் கிளியோபிளாஸ்டோமாவுக்கு வீட்டை அடகு வைத்து இதைத் தேடிப்போவது தேவையா என்று நான் இரண்டு தடவை யோசிப்பேன். நல்ல லைனாக் வைத்தியம் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் அடையாற்றிலும் கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் அடக்கம். அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கே முழுத் தொகையும் தீர்ந்துவிட்டதா, மீதி எவ்வளவு என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது உத்தமம்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். முதல் நாள் கதிர் கிடையாது, முகமூடி. வெந்நீரில் போட்டால் அப்பளம் மாதிரி இளகும் ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். சில நிமிஷத்தில் இறுகி அவரவர் முகத்தின் அச்சாகிவிடும். தினமும் அதே முகமூடியை மாட்டி மேஜையோடு பூட்டுவார்கள், தலை மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது என்பதற்காக. மூச்சு முட்டாது, வலையில் ஓட்டைகள் உண்டு. மூடிய இடம் பயம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகமூடியோடு ஒரு சி.டி., அதன்மேல் பழைய எம்.ஆர்.ஐ.யைப் பொருத்தி டாக்டர் ஒவ்வொரு படமாகக் கட்டியின் எல்லையையும் கண் நரம்பையும் கோடு போட்டு வரைவார். பிறகு இயற்பியல் நிபுணர்கள் கணக்குப் போடுவார்கள். இதற்கு ஒரு வாரம் ஆகலாம். 'முகமூடி எடுத்துட்டு ஒரு வாரமா சும்மா உக்கார வச்சிருக்காங்க' என்று வெளியில் புலம்பல் கேட்கும். அந்த ஒரு வாரத்தில்தான் உண்மையான வேலை நடக்கிறது. சிகிச்சை நாளில் மேஜையில் இருப்பது பத்து பதினைந்து நிமிஷம். முடிந்து வீட்டுக்கு வரலாம், பேரனைத் தூக்கலாம், உடம்பிலிருந்து கதிர் எதுவும் வெளியே வராது. வலிப்பு மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் தானாக நிறுத்தக் கூடாது.

முடிந்த பிறகு வரும் முதல் ஸ்கேன் பல வீடுகளில் கலவரத்தைக் கிளப்புகிறது. கிளியோமாவில் முதல் மூன்று மாதத்துக்குள் கட்டி பெரிதானதுபோலத் தெரியலாம். கதிர் பட்ட இடம் வீங்கியிருக்கும், போலி வளர்ச்சி. அடுத்த ஸ்கேன்வரை பொறுத்துப் பார்ப்பார்கள். மெனிஞ்சியோமாவில் நேர்மாறு: கட்டி அப்படியே இருக்கும். முன்னே சொன்னேனே, பிரியப் பார்க்கும்போதுதான் செல் சாகும் என்று. மெதுவாகப் பிரியும் கட்டி மெதுவாகத்தான் சாகும், சாவதற்கே வருஷக்கணக்கில் ஆகும். பல பேருக்குக் கடைசிவரை சுருங்காமல் அதே அளவில் கல்லாக நிற்கும். இங்கே வளராமல் இருப்பதுதான் வெற்றி. 'ஆறு வாரம் போய் வந்தும் கட்டி அப்படியே இருக்காம்' என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினால் இதைச் சொல்லுங்கள்.

ஒரு முரணையும் மறைக்கக் கூடாது. இஸ்ரேலில் 1950களில் தலைப் படர்தாமரைக்காகச் சுமார் பதினோராயிரம் குழந்தைகளுக்கு ஒன்றரை கிரே அளவுக்குக் கதிர் கொடுத்தார்கள். அவர்களில் பின்னாளில் மெனிஞ்சியோமா வந்தது மற்றவர்களைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகம். மெனிஞ்சியோமாவை அடக்கும் கதிரே மெனிஞ்சியோமாவை உண்டாக்கவும் செய்யும். அதற்கு இருபது முப்பது வருஷம் பிடிக்கும். அதனால் எட்டு வயதுக் குழந்தைக்கு இந்தக் கணக்கு பெரியது, எழுபது வயதுக்காரருக்குச் சின்னது. 52 வயது நடுவில் நிற்கிறது.

அக்காவை அழைத்துக்கொண்டு நானும் அவர் மகனும் ரேடியேஷன் டாக்டரைப் பார்த்தோம். கேட்டது நாலு கேள்விதான். மிச்சம் எத்தனை மில்லிமீட்டர், கண் நரம்பிலிருந்து எவ்வளவு தூரம், இப்போது வைக்காமல் காத்திருந்தால் இழப்பது என்ன, வளர்ந்து நரம்பைத் தொட்டபின் வைத்தால் கஷ்டம் கூடுமா? டாக்டர் படத்தைப் போட்டுக் காட்டினார். கிரேடு ஒன்று, இப்போது நரம்புக்கும் கட்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது, சர்ஜன் சம்பாதித்துக்கொடுத்த இடம். இப்போதே வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., மூன்று மாதத்துக்கு ஒரு பார்வைப்பரப்புச் சோதனை என்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம், ஆனால் அந்த இடம் குறைய ஆரம்பித்தால் மறுபேச்சு பேசக் கூடாது என்றார். இரண்டுமே தவறில்லை என்று அவர் சொன்னது மகனுக்குப் பிடிக்கவில்லை. "இதைச் செய்யுங்கன்னு ஒண்ணைச் சொல்லுங்க சார்" என்றான்.

அக்கா வழியெல்லாம் பேசவில்லை. சைதாப்பேட்டை தாண்டியதும், "தீபாவளி துணி பாதி வாங்கி வச்சிருக்கேன். அதை முடிச்சுடறேன். பொங்கல் கழிச்சு ஸ்கேன். ஒரு மில்லிமீட்டர் நகந்திருந்தாலும் முகமூடி போட்டுக்கறேன்" என்றார். பார்வைச் சோதனைத் தேதிகளை எழுதிய காகிதத்தை தையல் மிஷினுக்கு மேலே, அளவு நோட்டு மாட்டியிருக்கும் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை, வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை, தினமும் காலையில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருகிறார்.